சிஸ்டர், ஒரு சந்தேகம்!

வெளிநாட்டில் நர்ஸ் வேலை, நம் படிப்புக்கு அங்கே அங்கீகாரம், தேர்வு, ஏஜென்ட், குடும்பம். இந்த மாதக் கடிதங்களில் பாதிக்கு மேல் இவற்றைப் பற்றித்தான். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருக்குச் சொன்ன பதிலை எல்லாருக்கும் சொன்னதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இறுதியாண்டு பி.எஸ்சி. நர்சிங் மாணவி, நாகர்கோவில்: எந்த நாடு நல்ல நாடு?

எதற்கு நல்லது என்று கேளுங்கள், சொல்கிறேன். ஆங்கிலம் கைவசம் இருக்கிறது, கணவர் பிள்ளைகளோடு குடியேற வேண்டும் என்றால் பிரிட்டன், அயர்லாந்து. ஒரு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து புது மொழி படிக்கத் தயார் என்றால் ஜெர்மனி. சீக்கிரமே வீட்டுக் கடனை அடைக்கத் தொடங்க வேண்டும், லீவு கிடைத்தால் நாலு மணி நேரத்தில் ஊருக்குப் பறந்து வர வேண்டும் என்றால் வளைகுடா. பத்து வருஷத்துக்கு மேல் காத்திருப்பேன் என்றால் அமெரிக்கா. பக்கத்து வீட்டு அக்கா போன நாடு, அவர் கணக்குக்கு ஒத்துவந்த நாடு. உங்கள் கணக்கை நீங்களே போடுங்கள்.

ஜி.என்.எம். முடித்தவர், திண்டுக்கல்: டிகிரி இல்லையே, என்னை எடுப்பார்களா?

எடுப்பார்கள். பிரிட்டனின் என்.எம்.சி. (அங்கே நர்ஸுகளைப் பதிவு செய்யும் குழு) நீங்கள் பதிவு பெற்ற நர்ஸா, தேர்வில் தேறுகிறீர்களா என்றுதான் பார்க்கிறது. மூன்று வருஷ ஜி.என்.எம். அதற்குத் தடை இல்லை. ஜெர்மனியில் பெரும்பாலான நர்ஸுகள் படிப்பதே மூன்று வருஷத் தொழிற்பயிற்சிதான். ஆஸ்திரேலியா பட்டப்படிப்பை எதிர்பார்க்கும் நாடு. அங்கே கண் வைத்திருந்தால் இரண்டு வருஷ போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. முடிப்பது லாபம். “ஜி.என்.எம்.தானே” என்று உங்களை நீங்களே குறைத்துச் சொல்வதை இன்றோடு நிறுத்துங்கள்.

ஸ்டாஃப் நர்ஸ், ஈரோடு: எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை.

பெயரிலிருந்து தொடங்குங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. மார்க் ஷீட்டில் எஸ். கவிதா, பாஸ்போர்ட்டில் கவிதா செல்வம், கல்யாணத்துக்குப் பிறகு திருத்திய ஆதாரில் கவிதா முருகன். நமக்கு மூவரும் ஒருத்தி. கடல் தாண்டி உட்கார்ந்து கோப்பைத் திறப்பவருக்கு மூவரும் மூன்று பேர். இனிஷியலை விரித்து எழுதியதிலும், அப்பா பெயர் போய்க் கணவர் பெயர் வந்ததிலும் மாதக்கணக்கில் தேங்கி நிற்கும் விண்ணப்பங்கள் எத்தனையோ. முதலில் எல்லா ஆவணத்திலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கெஜட் அறிவிப்போ நோட்டரி உறுதிமொழியோ, எதை ஏற்பார்கள் என்று அந்த நாட்டுக் குழுவையே கேட்டு இப்போதே முடித்துவிடுங்கள்.

அடுத்தது, தமிழ்நாடு நர்ஸஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சில் பதிவு புதுப்பித்த நிலையில் இருக்க வேண்டும். மூன்றாவது, டிரான்ஸ்க்ரிப்ட்: எந்தப் பாடம் எத்தனை மணி நேரம், எந்த வார்டில் எத்தனை மணி நேரம் என்ற விவரத்தோடு. நான்காவது, குட் ஸ்டாண்டிங் சான்று. இதைப் பெரும்பாலும் உங்கள் கையில் தரமாட்டார்கள்; நம் கவுன்சில் அந்த நாட்டுக் குழுவுக்கு நேரடியாக அனுப்ப வேண்டும். அதனால் அனுப்பிய தேதியைக் கேட்டு எழுதி வையுங்கள்.

தனியார் மருத்துவமனை நர்ஸ், மதுரை: ஆங்கிலத் தேர்வுகளான ஐ.இ.எல்.டி.எஸ்., ஓ.இ.டி. இரண்டில் எது சுலபம்?

சுலபமானது இல்லை, பழக்கமானது உண்டு. ஐ.இ.எல்.டி.எஸ்.ஸில் பனிப்பாறையைப் பற்றியும் பொதுப் போக்குவரத்தைப் பற்றியும் எழுதச் சொல்லலாம். ஓ.இ.டி.யில் வருவது நம் உலகம்: நோயாளியின் குறிப்புகளைத் தந்து, டிஸ்சார்ஜ் ஆகிறவரைப் பற்றி இன்னொரு நர்ஸுக்கோ டாக்டருக்கோ கடிதம் எழுதச் சொல்வார்கள். பேச்சுத் தேர்வில் நீங்கள் நர்ஸ், எதிரில் இருப்பவர் நோயாளி. கட்டணம் கூடுதல்தான், ஆனால் வார்டில் இருப்பவருக்குப் பாதிப் பயிற்சி வார்டிலேயே ஆகிவிடுகிறது.

பிரிட்டனுக்கு வேண்டிய மதிப்பெண்: ஐ.இ.எல்.டி.எஸ். அகாடமிக்கில் எழுத்துக்கு 6.5, மற்ற மூன்றுக்கும் 7. ஓ.இ.டி.யில் எழுத்துக்கு சி பிளஸ், மற்ற மூன்றுக்கும் பி.

அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர், விழுப்புரம்: எனக்கெல்லாம் ஆங்கிலம் வருமா சிஸ்டர்?

தங்கையே, அனாடமியையும் ஃபார்மகாலஜியையும் ஆங்கிலத்தில் படித்துத் தேறியவர் நீங்கள். வராதது ஆங்கிலம் இல்லை, அதைப் பேசும் பழக்கம். இன்றைய ட்யூட்டியில் ஹேண்டோவரை முழு வாக்கியங்களில் ஆங்கிலத்தில் சொல்லுங்கள். படுக்கை எண், நோய், இரவில் நடந்தது, காலையில் செய்ய வேண்டியது. தடுமாறட்டும், சொல்லுங்கள். தினம் ஒரு நோயாளியைப் பற்றி ஒரு பக்கக் கடிதம் எழுதி, தெரிந்தவரிடம் திருத்தி வாங்குங்கள்.

இன்னொன்று: ஒரே முறையில் ஆங்கிலத் தேர்வின் நான்கு பகுதிகளிலும் மதிப்பெண் வராவிட்டால், குறிப்பிட்ட நிபந்தனைகளோடு இரண்டு முறை எழுதியதைச் சேர்த்துக் காட்ட என்.எம்.சி. 2023 முதல் அனுமதிக்கிறது. ஒரு பகுதியில் தோற்றால் எல்லாம் போய்விட்டது என்று அழுதுகொண்டு உட்காராதீர்கள்.

நர்ஸ், திருச்சி: பிரிட்டன் தேர்வு எத்தனை கட்டம்? புரியும்படி சொல்லுங்கள்.

இரண்டு. முதலாவது சி.பி.டி., கம்ப்யூட்டரில் எழுதுவது. இங்கிருந்தே எழுதலாம். அதில் இரண்டு பகுதி: மருந்துக் கணக்கு 15 கேள்வி, நர்சிங் 100 கேள்வி. கட்டணம் 83 பவுண்டு. இரண்டாவது ஆஸ்கி, செய்து காட்டும் தேர்வு. அதற்கு பிரிட்டன் போயாக வேண்டும். பத்து நிலையங்கள். முதல் நான்கும் ஒரே நோயாளியைச் சுற்றி: மதிப்பிடு, திட்டமிடு, செய், ஒப்படை. மற்றவை செய்முறையும் எழுத்தும். கட்டணம் 794 பவுண்டு, பெரும்பாலான என்.எச்.எஸ். (அரசு) மருத்துவமனைகள் முதல் முறைக்கான செலவை ஏற்கின்றன. ஏற்கிறோம் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

ஆஸ்கி தேறி, பதிவு எண் வந்த பிறகுதான் நீங்கள் அங்கே நர்ஸ். அதுவரை சம்பளமும் பொறுப்பும் ஒரு படி கீழே. நர்ஸாக ‘பேண்ட் 5’ தொடக்கச் சம்பளம் இங்கிலாந்தில் 2025-26இல் வருஷத்துக்கு 31,049 பவுண்டு. வரி, வாடகை, பஸ் பாஸ் போக மிச்சத்தைத்தான் ரூபாயில் பெருக்க வேண்டும்.

பல வருஷ ஐ.சி.யூ. அனுபவம் உள்ளவர், இப்போது பிரிட்டனில்: ஆஸ்கியில் தோற்றுவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

வென்டிலேட்டரை விரல் நுனியில் வைத்திருப்பவர்தான் இதில் அதிகம் தோற்கிறார். ஏனென்றால் அவர் கை வேலையை முடித்துவிடுகிறது. வாய் எதையும் சொல்வதில்லை. ஆஸ்கியில் மதிப்பெண் வாய்க்கும் உண்டு. கை கழுவுவது, தன்னை அறிமுகம் செய்வது, “உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?” என்று கேட்பது, பெயரையும் பிறந்த தேதியையும் கைப்பட்டையோடு ஒத்துப் பார்ப்பது, ஒவ்வாமை உண்டா என்று கேட்பது, செய்யலாமா என்று அனுமதி வாங்குவது, கையெழுத்தும் நேரமும் இடுவது. மருந்து கொடுக்கும் நிலையத்தில் ஒவ்வாமையைப் பார்க்காமல் விட்டால், மற்றதெல்லாம் சரியாகச் செய்திருந்தும் பலன் இல்லை. சரிதானே? பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவருக்கு அதைக் கொடுத்துவிட்டு, “கை நடுங்காமல் போட்டேன்” என்று சொல்ல முடியுமா?

ஒரு விண்ணப்பத்துக்கு மூன்று வாய்ப்பு உண்டு. பெரும்பாலும் தோற்ற நிலையங்களை மட்டும் திரும்பச் செய்தால் போதும். வார்டில் நீங்கள் இத்தனை வருஷம் மனத்துக்குள் செய்த சோதனைகளை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். தோற்றது உங்கள் அனுபவம் இல்லை, உங்கள் மௌனம்.

பிரிட்டனிலிருந்தே இன்னொரு நர்ஸ்: தினம் இருபது பேருக்கு ஐ.வி. போட்டவள் நான். இங்கே ஊசியைத் தொடவே விடவில்லையே!

விடுவார்கள். அந்த மருத்துவமனையின் வகுப்பை முடித்து, ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துக் கையெழுத்திட்ட பிறகு. லண்டனில் படித்தவருக்கும் அதே விதிதான். அந்த இடைவெளியில் ‘நியூஸ் 2’ அட்டையைக் கரைத்துக் குடியுங்கள். மூச்சு, ஆக்ஸிஜன், ரத்த அழுத்தம், நாடி, நினைவு, காய்ச்சல் என்று ஆறு அளவுகளைக் கூட்டி, நோயாளி சரிகிறார் என்பதை முன்கூட்டியே காட்டும் அட்டை. அந்த எண் ஏறினால் எந்தப் பெரிய டாக்டரையும் நடு இரவில் அழைக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஊசியைவிடப் பெரிய அதிகாரம் அது.

நர்ஸின் அப்பா, தஞ்சாவூர்: லண்டன் வேலைக்கு ஏஜென்ட் ஆறு லட்சம் கேட்கிறார். நிலத்தை அடமானம் வைக்கலாமா?

வைக்காதீர்கள் ஐயா. நர்ஸுக்கு வேலை தேடித் தர நர்ஸிடமே பணம் வாங்குவதை பிரிட்டன் சட்டம் 1973 முதல் தடை செய்திருக்கிறது. அங்கே ஆள் வேண்டியவர் மருத்துவமனைக்காரர். ஏஜென்ட்டுக்குக் கூலி கொடுக்க வேண்டியவரும் அவரே. முறையாக ஆள் எடுக்கும் ஏஜென்சிகளின் பட்டியலை ‘என்.எச்.எஸ். எம்ப்ளாயர்ஸ்’ வெளியிடுகிறது. உங்கள் ஏஜென்ட்டின் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். ஓ.இ.டி. கட்டணம், சி.பி.டி. கட்டணம் போன்றவை உங்கள் மகள் தன் பெயரில் நேரடியாகக் கட்டுபவை. அதற்கெல்லாம் ரசீது வரும். ரசீது இல்லாத ஆறு லட்சம் எதற்கு?

நம் நாட்டுச் சட்டப்படியும், பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு நிறுவனம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சம் 30,000 ரூபாய், மேலே ஜி.எஸ்.டி. நிறுவனம் பதிவு பெற்றதா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் பார்க்கலாம். 2015இல் கேரளத்தில் வெடித்த குவைத் நர்ஸ் ஆள்சேர்ப்பு வழக்கு நினைவிருக்கலாம். 19,500 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில் 19.5 லட்சம் வாங்கினார்கள் என்பது அதில் எழுந்த குற்றச்சாட்டு. இரண்டு பூஜ்யம் கூடினால் ஒரு குடும்பம் தெருவுக்கு வந்துவிடும்.

நர்ஸ், ராமநாதபுரம்: வளைகுடாவுக்கு விசிட் விசாவில் போய் வேலை தேடச் சொல்கிறார்களே?

வேண்டாம். விசிட் விசா பார்த்துவிட்டு வருவதற்கு. குவைத் மோசடி வெளிவந்த அதே 2015இல், வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கான நர்ஸ் ஆள்சேர்ப்பை மத்திய அரசு, அரசு நிறுவனங்கள் வழியாகத் திருப்பிவிட்டது. நம் மாநிலத்துக்கு அது சென்னையில் உள்ள அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம், 1978இல் தொடங்கியது. முதலில் அதன் அறிவிப்புகளைப் பாருங்கள். இ-மைக்ரேட் வழியாகப் போனால் உங்கள் ஒப்பந்தம் அரசின் பதிவில் இருக்கும். பிரவாசி பாரதிய பீமா காப்பீடும் சேரும்: இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய் பிரீமியம், 10 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு.

மற்றபடி பாதை தெளிவானது. டேட்டாஃப்ளோ என்ற நிறுவனத்தின் சான்றிதழ் சரிபார்ப்பு, கம்ப்யூட்டர் தேர்வு, அந்தந்த நாட்டு உரிமம். அமீரகத்தில் மட்டும் கவனம்: துபாய்க்கு டி.எச்.ஏ., அபுதாபிக்கு டி.ஓ.எச்., மற்ற எமிரேட்டுகளுக்கு எம்.ஓ.எச்.ஏ.பி. என்று மூன்று அமைப்புகள். வேலை எங்கே என்று தெரிந்துகொண்டு விண்ணப்பியுங்கள்.

பெயர் வேண்டாம் என்றவர், சேலம்: ஒரு வருஷ அனுபவத்தை இரண்டு வருஷமாகக் காட்டி லெட்டர் தருகிறேன் என்கிறார்கள். எல்லாரும் செய்கிறார்களாமே?

செய்யாதீர்கள். டேட்டாஃப்ளோ உங்கள் காகிதத்தைப் பார்த்துத் தலையாட்டும் இடமில்லை; அதில் பெயர் உள்ள மருத்துவமனைக்கே எழுதிக் கேட்கும். பொய் பிடிபட்டால் அந்த அறிக்கை அடுத்த நாட்டிலும் பின்தொடரலாம். 2023 ஜனவரியில் அமெரிக்காவில் ‘ஆபரேஷன் நைட்டிங்கேல்’ என்ற விசாரணை வெளியானது. ஃபுளோரிடாவில் 7,600க்கும் மேற்பட்ட போலி நர்சிங் சான்றிதழ்கள் விற்கப்பட்டிருந்தன. 25 பேர் மீது வழக்கு. அதே வருஷம் நைஜீரியாவின் இபடானில் ஒரு தேர்வு மையத்தில் பிரிட்டனின் சி.பி.டி.யைச் சிலர் நம்ப முடியாத வேகத்தில் முடித்திருந்ததைத் தரவே காட்டிக்கொடுத்தது. நேர்மையாக எழுதியவர்களும் அந்த மையத்தில் எழுதிய பாவத்துக்குத் திரும்ப எழுத வேண்டி வந்தது.

இன்னும் ஒரு வருஷம் வேலை பாருங்கள். அந்த ஒரு வருஷத்தில் நீங்கள் கற்பது ஒரு நோயாளியின் உயிர். அதைத்தான் அந்த லெட்டரில் பொய்யாக எழுதச் சொல்கிறார்கள்.

நர்ஸ், கோயம்புத்தூர்: ஒரிஜினல் சான்றிதழ்களை மருத்துவமனை வைத்துக்கொண்டு தர மறுக்கிறது. பாண்ட் முடியவில்லையாம்.

சான்றிதழ் உங்களுடையது. பாண்டுக்கு ஈடாக அதைப் பூட்டி வைக்க யாருக்கும் உரிமை இல்லை. 2011, 2012இல் கேரளத்திலும் பிற நகரங்களிலும் நர்ஸுகள் தெருவில் இறங்கியதற்கு ஒரு பெரிய காரணம் இதே பூட்டுதான். எழுத்தில் கேளுங்கள், பதிவுத் தபாலில். பதில் இல்லையென்றால் வக்கீல் நோட்டீஸ். கூடவே கவுன்சிலுக்கும் காவல் நிலையத்துக்கும் புகார். வாய்ச்சண்டை வேண்டாம், தேதி போட்ட காகிதம் பேசட்டும்.

இனி வேலைக்குச் சேரப்போகிற தங்கைகளுக்கு: ஒரிஜினலைக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள்.

பிரிட்டனிலும் ஒரு வகை பாண்ட் உண்டு. சீக்கிரம் விலகினால் விமானக் கட்டணம், தேர்வுக் கட்டணத்தைத் திருப்பித் தரச் சொல்வார்கள். எந்தச் செலவு, எவ்வளவு, மாதம் ஏற ஏற எப்படிக் குறையும் என்பது கையெழுத்துக்கு முன்பே ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

நர்ஸ், வேலூர்: ஜெர்மனிக்கு மொழித் தேர்வில் பி1 போதும் என்கிறார்கள், பி2 என்கிறார்கள். எது சரி?

இரண்டும். பல திட்டங்களில் பி1 முடித்துப் புறப்படலாம். முழு அங்கீகாரம் பெற பி2 வேண்டும். 2024 மார்ச் முதல் ‘அங்கீகாரக் கூட்டு’ என்ற புது விசா வழி வந்திருக்கிறது. ஏ2 அளவு ஜெர்மனோடு போய், வேலை பார்த்துக்கொண்டே அங்கீகாரத்தை முடிக்கலாம். ஆனால் நோயாளி உங்களோடு ஏ2வில் பேசமாட்டார். எண்பது வயதுப் பாட்டி வலியில் முனகும் மொழிக்குத் தேர்வுப் புத்தகம் இல்லை. இங்கேயே கூடுதலாகப் படித்துவிட்டுப் போகிறவருக்கு முதல் வருஷம் சுலபம்.

நடைமுறை இது: நீங்கள் வேலை பார்க்கப்போகும் மாநிலத்தின் அதிகாரி உங்கள் படிப்பை அவர்கள் படிப்போடு ஒப்பிட்டு, என்ன குறை என்று கடிதம் தருவார். அதை ஈடுசெய்ய இரண்டு வழி: செய்முறையும் வாய்மொழியுமாக ஓர் அறிவுத் தேர்வு, அல்லது மருத்துவமனையில் தகவமைப்புப் பயிற்சி. முடியும்வரை உதவியாளர் சம்பளம். முடிந்த பிறகு நர்ஸ் சம்பளம். ‘ட்ரிபிள் வின்’ என்று ஜெர்மன் அரசு அமைப்புகள் நடத்தும் திட்டத்தில் நர்ஸிடம் கட்டணம் வாங்குவதில்லை; 2021இல் கேரள அரசின் நோர்க்கா இதில் சேர்ந்தது. சென்னையில் ஜெர்மன் படிக்க மேக்ஸ் முல்லர் பவன் இருக்கிறது.

ஜெர்மனியில் வேலை பார்ப்பவர்: நாலு வருஷம் படித்துவிட்டு நோயாளியைக் குளிப்பாட்டுகிறேன், ஊட்டுகிறேன். அம்மாவிடம் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

இந்தக் கடிதத்துக்குத்தான் அதிகம் யோசித்தேன். நம் ஊரில் குளிப்பாட்டுவது, மலம் எடுப்பது, ஊட்டுவது எல்லாம் ஆயாம்மாவும் கூட வந்த உறவினரும் பார்ப்பது. நர்ஸ் ஊசி, மருந்து, ரெக்கார்டு. ஜெர்மனியில் கோடு வேறு இடத்தில் போட்டிருக்கிறது. பல மருத்துவமனைகளில் ரத்தம் எடுப்பதும் ஐ.வி. போடுவதும் டாக்டர் வேலை. உடம்பைப் பராமரிப்பது படித்த நர்ஸின் வேலை. புறப்படும் முன் இதை யாரும் சொல்லாததால் அங்கே போய் மனம் உடைகிறது. ஆள் எடுப்பவர்கள் முதல் நாளே சொல்ல வேண்டிய விஷயம் இது.

ஆனால் கூச்சம் வேண்டாம். குளிப்பாட்டும்போது நீங்கள் பார்ப்பதைக் கணக்கிடுங்கள். இடுப்பில் படுக்கைப் புண் தொடங்கும் சிவப்பு, காலில் வீக்கம், திரும்பும்போது வாங்கும் மூச்சு, நேற்று இல்லாத குழப்பம். ஊட்டும்போது விழுங்க முடிகிறதா என்பது. இல்லையென்றால் நுரையீரலுக்குள் போய்விடும் கஞ்சி. இத்தனையும் படித்த கண்ணுக்குத்தான் தெரியும். நம் ஊரில் இந்த வேலையைப் படிக்காதவர் கையில் விட்டதால் எத்தனை புண்கள் எலும்புவரை போயிருக்கின்றன என்று நம் இருவருக்கும் தெரியும். அம்மாவிடம் நிமிர்ந்து சொல்லுங்கள்: “நோயாளியை முழுசா நானே பார்க்கிறேன்.”

ஆண் நர்ஸ், தர்மபுரி: வெளிநாட்டில் ஆண்களை எடுப்பார்களா?

எடுப்பார்கள் தம்பி. தேர்வுத்தாளுக்கு ஆண், பெண் தெரியாது. வளைகுடாவில் ஆண்கள் வார்டுக்கு ஆண் நர்ஸைக் கேட்டே வாங்குகிறார்கள். ஜெர்மனி 2020 சட்டத்தில் பட்டத்தின் பெயரையே ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று வைத்திருக்கிறது.

என்க்ளெக்ஸ் (அமெரிக்க நர்ஸ் உரிமத் தேர்வு) தேறியவர், சென்னை: கிரீன் கார்டு எப்போது வரும்?

தேர்வு உங்கள் கையில் இருந்தது. 85 கேள்வியிலும் முடியலாம், 150 வரையும் போகலாம். ஐந்து மணி நேரம் உட்கார்ந்து தேறிவிட்டீர்கள், வாழ்த்துகள். வரிசை உங்கள் கையில் இல்லை. நர்ஸுகள் போகும் ‘இ.பி.3’ பிரிவில் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு 2025 இறுதியில் அழைப்பு வந்துகொண்டிருந்தது 2013இல் பதிந்தவர்களுக்கு.

ஒரு நுணுக்கம்: வரிசை, பாஸ்போர்ட்டைப் பார்ப்பதில்லை, பிறந்த நாட்டைப் பார்க்கிறது. அப்பா வேலை பார்த்தபோது குவைத்திலோ சிங்கப்பூரிலோ நீங்கள் பிறந்திருந்தால் அந்த நாட்டு வரிசை. கணவர் அப்படிப் பிறந்திருந்தாலும் அதைப் பயன்படுத்தலாம். நீளமான இந்திய வரிசையோடு ஒப்பிட்டால் அது பெரிய வித்தியாசம். இரண்டும் இல்லையென்றால், அதே என்க்ளெக்ஸை கனடாவும் ஆஸ்திரேலியாவும் ஏற்கின்றன. ஆஸ்திரேலியாவில் அதன் பிறகு ஓர் ஆஸ்கி இருக்கும்.

பிரிட்டனில் பதிவு பெற்றவர்: இங்கிருந்து ஆஸ்திரேலியா போக முடியுமா?

முடியும், இப்போது இன்னும் வேகமாக. பிரிட்டன், அயர்லாந்து, அமெரிக்கா, சிங்கப்பூர் போன்ற நாடுகளில் பதிவு பெற்று, 2017க்குப் பிறகு 1,800 மணி நேரம் அங்கே வேலை பார்த்தவர்களுக்கு 2025 ஏப்ரல் முதல் குறுக்கு வழி திறந்திருக்கிறது. ட்யூட்டி ரோஸ்டரைப் பத்திரமாக வையுங்கள்.

நர்ஸ், புதுக்கோட்டை: சிங்கப்பூரில் தமிழ் தெரிந்தால் போதுமா?

தமிழ்ப் பாட்டி மனம் விட்டுப் பேச உதவும். பதிவு ஆங்கிலத்தில்தான். அங்கே ரிஜிஸ்டர்டு நர்ஸ், என்ரோல்டு நர்ஸ் என்று இரண்டு படி. பட்டதாரிக்குக் கீழ்ப்படி வேலை வருவது உண்டு. கடிதத்தில் எந்தப் படி என்று பார்த்துவிட்டுச் சம்மதியுங்கள்.

நர்ஸின் கணவர், திருநெல்வேலி: மனைவிக்கு பிரிட்டனில் வேலை. நானும் பையனும் கூடப் போகலாமா?

நர்ஸ் வேலை என்றால் போகலாம். அவர் அழைத்து வரலாம். நீங்கள் அங்கே வேலையும் பார்க்கலாம். ஆனால் விசாவில் என்ன வேலை என்று வாசியுங்கள். ‘கேர் வொர்க்கர்’ என்று இருந்தால் 2024 மார்ச் முதல் குடும்பத்தை அழைக்க முடியாது. 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து புதிதாக அந்த வேலைக்கு ஆள் எடுப்பதே நின்றுவிட்டது. இன்னும் யாராவது அந்த விசாவை விற்றால், அவர் விற்பது காற்றை.

அங்கே முதல் வருஷம் அவருக்கு நைட் ட்யூட்டியும் படிப்பும் இருக்கும். பையனைப் பள்ளிக்கு அனுப்புவதும் சமைப்பதும் உங்கள் ட்யூட்டி. நல்ல குடும்பங்கள் இப்படித்தான் அங்கே காலூன்றியிருக்கின்றன.

ஓய்வு பெற்ற ஆசிரியர், கும்பகோணம்: நம் வரிப்பணத்தில் படித்துவிட்டு வெளிநாட்டுக்காரருக்குச் சேவை செய்வது சரியா?

கேள்வி நியாயமானது ஐயா. கேட்க வேண்டிய இடம்தான் வேறு. 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வு எழுதித் தேறி, தமிழக அரசு மருத்துவமனைகளில் ஒப்பந்தத்தில் சேர்ந்த நர்ஸுகளுக்கு மாதம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் திரண்டு உட்கார்ந்தது அதற்காகத்தான். தனியார் நிலையைப் பார்த்த உச்ச நீதிமன்றம், 2016இல் நர்ஸுகளின் சம்பளத்துக்கு ஒரு வழி காணச் சொன்னது. அதன்படி அமைந்த குழு, 50 படுக்கைகூட இல்லாத மருத்துவமனையும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. உங்கள் ஊரில் எத்தனை மருத்துவமனைகள் அதைத் தருகின்றன என்று விசாரித்துப் பாருங்கள். கல்விக் கடனுக்கான தவணை போக அவர்கள் கையில் நிற்பது என்ன என்றும் கேளுங்கள். பலர் படித்தது தனியார் கல்லூரியில், அம்மாவின் தாலிச் சங்கிலியை வைத்து.

நாடுகளுக்கும் கடமை உண்டு. நர்ஸ் பற்றாக்குறை கடுமையாக உள்ள நாடுகளுக்குப் போய் ஆளை அள்ளி வரக்கூடாது என்று உலக சுகாதார அமைப்பு 2010இல் ஒரு நெறிமுறை வகுத்தது. பிரிட்டன் அப்படிப்பட்ட நாடுகளுக்குச் சிவப்புப் பட்டியலே வைத்திருக்கிறது; இந்தியா அதில் இல்லை. 1946இலேயே வேலூரில் நர்சிங் பட்டப்படிப்பு தொடங்கிய மாநிலம் நம்முடையது. தரமான நர்ஸை உருவாக்கத் தெரிந்த நமக்கு, அவரை நிறுத்தி வைக்கவும் தெரிய வேண்டும். அதற்கு வழி சம்பளமும் மரியாதையும்.

வளைகுடா நர்ஸ்: பிரச்சினை வந்தால் யாரிடம் போவது?

வருவதற்கு முன்பே ஏற்பாடு செய்யுங்கள். போனதும் தூதரகத்தில் பதிவு, வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ தளத்தின் முகவரி கைபேசியில். பிரிட்டனில் இருந்தால் ஆர்.சி.என். அல்லது யூனிசன் தொழிற்சங்கத்தில் சேருங்கள். சந்தா சிறிது, வக்கீல் துணை பெரிது. எல்லாவற்றுக்கும் மேலாக, கடன் இல்லாமல் போங்கள். 2014இல் இராக்கின் திக்ரித்தில் போருக்கு நடுவே சிக்கிய 46 இந்திய நர்ஸுகள் ஜூலை 5 அன்று கொச்சி வந்திறங்கினார்கள். சம்பளப் பாக்கியும் ஊரில் காத்திருந்த கடனும் நினைவுக்கு வந்து, புறப்படவே தயங்கியவர்கள் அவர்களில் உண்டு. கடன், குண்டுச் சத்தத்துக்கு நடுவிலும் காலைக் கட்டும்.

ஓர் அம்மா, தூத்துக்குடி: மகளைத் தனியாக அனுப்பலாமா சிஸ்டர்? பயமாக இருக்கிறது.

அனுப்புங்கள் அம்மா. நடு இரவில் நாற்பது நோயாளிகளைத் தனியாகப் பார்த்துக்கொண்ட பெண் அவள். பயத்தை மூன்று கேள்வியாக மாற்றிக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் யாரிடம் இருக்கும்? ஒப்பந்தத்தின் முழு நகல் யாரிடம் இருக்கும்? சம்பளம் யார் பெயரிலுள்ள கணக்கில் விழும்? மூன்றுக்கும் பதில் அவளாக இருந்தால், போகிற நாடு எதுவானாலும் அவளை ஏமாற்றுவது கடினம். கணக்கு அவள் பெயரிலேயே இருக்கட்டும். வீட்டுக்கு எவ்வளவு, தனக்கு எவ்வளவு என்பதை, சம்பாதிக்கிற அவளே தீர்மானிக்கட்டும்.